கப்பல் சாப்பாடும் ஊர் நாக்கும்

உல்லாசக் கப்பலில் போய் வந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கடலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். கரையில் பார்த்த ஊர்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டாலோ, பேச்சு நிற்கவே நிற்காது!

"அடடா, தேவாமிர்தம்!" என்பார் ஒருவர். அதே கப்பலில், அதே வாரத்தில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர், "வாயில் வைக்க வழங்கவில்லை" என்று முகத்தைச் சுளிப்பார். இருவர் தட்டிலும் விழுந்தது ஒரே அண்டாவில் வெந்த பண்டம். இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர். பின் ஏன் இந்த வித்தியாசம்?

அவர்களிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். "தங்களுக்கு எந்த ஊர்?" பதில் வந்ததும் பாதி மர்மம் விலகிவிடும்.

நம் கல்யாணப் பந்தியில் நாம் பார்க்காத சங்கதியா இது? "சொதி இல்லாமல் ஒரு விருந்தா?" என்பார் திருநெல்வேலிக்காரர். "காரம் கொஞ்சம் தூக்கல்" என்று தண்ணீர்ச் செம்பைத் தேடுவார் ஒருவர். "காரமே இல்லையே!" என்பார் செட்டிநாட்டுக்காரர். "எல்லாம் சரி, காபி கள்ளிச்சொட்டாக இல்லையே" என்று முடிப்பார் தஞ்சாவூர்க்காரர். சமையற்காரர் என்ன செய்வார், பாவம்!

இதையே கடலில் மிதக்க விட்டால் எப்படி இருக்கும்?

மிதக்கும் ஊர்

அமெரிக்காவில் மியாமி துறைமுகத்திலிருந்து 2024 ஜனவரியில் 'ஐகான் ஆப் தி ஸீஸ்' என்ற கப்பல் முதல் பிரயாணம் புறப்பட்டது. அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டால் அதில் 5,610 பிரயாணிகள். நெருக்கிப் பிடித்தால் 7,600 பேர் வரை ஏறலாம். சிப்பந்திகள் மட்டும் சுமார் 2,350 பேர்! சாப்பாட்டு இடங்கள் 20-க்கு மேல்.

கல்யாண வீடு என்றால் இரண்டு வேளை, மூன்று வேளையோடு பந்தி முடிந்துவிடும். இங்கே ஏழு நாள், வேளை தவறாமல் பந்தி நடக்க வேண்டும். பெரும்பாலான சாப்பாடு டிக்கெட் பணத்திலேயே அடக்கம். பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு தட்டுக்கும் தீர்ப்பு எழுதுவார்!

ஆகவே கப்பல் கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. உப்பு மிதம். காரம் மிதம். மசாலா மிதம். எல்லோரும் சாப்பிடக் கூடியதாகவும், யாரும் எழுந்து ஓடாததாகவும் இருக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் நடுவழியில் நடக்கிறவருக்கு இரண்டு பக்கத்திலும் வசவு கிடைக்கும் அல்லவா? அதுதான் நடக்கிறது.

ஐந்து பேர், ஐந்து தீர்ப்பு

அமெரிக்கர் எல்லோருக்கும் ஒரே நாக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தியர் எல்லோரும் ஒரே கறியைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று அவர்களில் சிலர் நினைப்பது போலத்தான் இதுவும். மியாமியிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலில், ஒரே மேஜையில், ஐந்து அமெரிக்கர்களை உட்கார வைத்ததாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஆசாமிக்கு மெயின் மாநிலம். வட கிழக்குக் கோடியில், குளிர்ந்த கடலின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே பிடிபடும் சிங்கி இறாலுக்கு இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. அந்தக் கொடுக்குச் சதைக்கு ஊரே அடிமை. கப்பலில் விசேஷ இரவு விருந்தில் வைப்பதோ பெரும்பாலும் வெதுவெதுப்பான கடலில் பிடித்த இறாலின் வால். அந்த ஜாதிக்குப் பெரிய கொடுக்குகளே கிடையாது. நம் தூத்துக்குடி, குளச்சல் கடலில் கிடைப்பதும் அந்த ஜாதிதான். மெயின்காரர் தட்டைப் பார்க்கிறார். "இதையா சிங்கி இறால் என்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

இரண்டாமவர் லூயிசியானா. நியூ ஆர்லியன்ஸ் பக்கம். 'கம்போ' என்ற குழம்பு அவர்களுக்கு உயிர். மாவைக் கொழுப்பில் போட்டு, கை ஓயாமல் கிளறி, கருஞ்சிவப்பாக வரும் வரை வறுப்பார்கள். பிறகு வெங்காயம், செலரித் தண்டு, குடமிளகாய். அதன் பின் இறாலோ, கோழியோ. பலர் வெண்டைக்காயும் போடுவார்கள். 'கம்போ' என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. கப்பலில் அந்தப் பெயரில் ஒரு சூப் வந்தால், ஒரு கரண்டி வாயில் வைத்ததும் அவர் பாட்டியின் நினைவு வந்துவிடும். அப்புறம் அந்தச் சூப் பிழைக்குமா?

மூன்றாமவர் டெக்ஸாஸ். மாட்டின் மார்புக் கறியை விறகுப் புகையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வாட்டிச் சாப்பிடுகிற ஊர். அவருக்கு 'பார்பெக்யூ' என்றால் அதுதான். வட கரோலினாக்காரருக்கோ அதே சொல்லுக்கு அர்த்தம் பன்றிக் கறியும் காடியும். கன்ஸாஸ் நகரத்தாருக்குத் தக்காளியும் வெல்லப் பாகும் சேர்த்த இனிப்புக் குழம்பு. ஒரே பெயரில் மூன்று பண்டங்கள்! கப்பல் எதைச் சமைத்தாலும் இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள்.

நான்காவது, ஜார்ஜியாவிலிருந்து வந்த அம்மாள். காலையில் மக்காச்சோளக் குருணைக் கஞ்சி வேண்டும். நம் சோளக் கூழுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் சர்க்கரையைத் தாராளமாகக் கரைத்து ஐஸ் போட்ட தேநீர் வேண்டும். கப்பலிலும் ஐஸ் தேநீர் தருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் சர்க்கரை இல்லாமல்! ஐஸில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினால் கரைகிறதா? டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அம்மாளின் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

ஐந்தாமவர் நாட்டின் நட்ட நடுவில், நெப்ராஸ்காவில் இருப்பவர். கோதுமை, சோளம், மாடு இவைதான் சுற்றிலும். கடல் பல நூறு மைலுக்கு அப்பால். அவர் தினம் இரவு இறால் கேட்கிறார். இன்னொரு தட்டும் கேட்கிறார். பரிமாறுபவர் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைக்கிறார். மெயின்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே இறால் வால் இவருக்கு அமிர்தம்.

ஐந்து பேரும் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்வது ஐந்து கதை. கேட்பவர்கள் ஐந்து வெவ்வேறு கப்பல்கள் என்றே நினைப்பார்கள்!

கம்பெனிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. 2021-ல் ஓடத் தொடங்கிய 'மார்டி கிரா' என்ற கப்பலில், நியூ ஆர்லியன்ஸில் பெயர் வாங்கிய சமையல் நிபுணர் எமெரில் லகாசியின் பெயரிலேயே ஓர் உணவுச் சாலை வைத்தார்கள். ஊர் நாக்கை ஊர்க்காரர் பெயரால் சமாதானப்படுத்தும் தந்திரம்!

கெட்டிலும் தண்ணீரும்

ஆங்கிலேயர் கதை வேறு. அவர் அமெரிக்கக் கப்பலில் ஏறி அறைக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது வெந்நீர்க் கெட்டில். பெரும்பாலும் இருக்காது. பிரிட்டிஷ் கப்பல்களில் அறைக்கு அறை கெட்டில் உண்டு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றிப் பாலும் சேர்த்தால்தான் அவருக்கு டீ. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு டீப் பையும் எலுமிச்சைத் துண்டும் வைத்தால் மனிதர் நொந்து போகிறார். காலை உணவில் வைக்கும் பன்றிக் கறியிலும் தகராறு. அமெரிக்கர் வயிற்றுப் பக்கத்துக் கொழுப்புக் கறியை முறுகலாகப் பொரிப்பார்கள். ஆங்கிலேயருக்கு முதுகுப் பக்கத்துக் கறி, மெத்தென்று வேண்டும்.

அதே ஆங்கிலேயர் கறிக் குழம்பைக் கண்டால் வீட்டுப் பண்டம் போல் மகிழ்ந்து போகிறார்! இந்தியாவுக்குத் தபாலும் ஆட்களும் ஏற்றி வந்த பி. அண்ட் ஓ. கம்பெனியின் உறவு அப்படிப்பட்டது. அந்தப் பெயரில் இன்று ஓடும் உல்லாசக் கப்பல்களில் ஒன்றான 'அஸூரா'வில் 2010-ல் 'சிந்து' என்ற இந்திய உணவுச் சாலையே திறந்தார்கள்.

இத்தாலியருக்கு வருவோம். ஜெனோவா நகரத்தின் கோஸ்டா குடும்பத்தார் 1854-லிருந்து ஆலிவ் எண்ணெய் வியாபாரம் செய்து, பிறகு கப்பல் தொழிலுக்கு வந்தவர்கள். 1948-ல் பிரயாணிக் கப்பல் விட்டார்கள். இத்தாலியக் கப்பல்களில் மாவுச் சேமியாவை நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கும்படி இறக்கிவிடுவார்கள். "வேகவே இல்லை" என்பார் அமெரிக்கர். "அமெரிக்கக் கப்பலில் தருவது கூழ்" என்பார் இத்தாலியர். ஐரோப்பியக் கப்பல்களில் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு கேட்பதுண்டு. உட்கார்ந்ததுமே ஐஸ் தண்ணீரை இலவசமாக ஊற்றிப் பழகிய அமெரிக்கருக்கு இது பெரிய அவமானம். ஐரோப்பியருக்கோ சர்வ சாதாரணம்.

கருவிலே தொடங்கும் பாடம்

நாக்கு எங்கே இவ்வளவு பிடிவாதம் கற்றுக்கொண்டது? அம்மாவின் வயிற்றிலே!

பிலடெல்பியா நகரத்தில் மோனெல் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு சோதனை செய்து 2001-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ, பால் கொடுக்கும் காலத்திலோ சில தாய்மார்கள் காரட் சாறு குடித்தார்கள். பிறகு குழந்தைகளுக்குக் காரட் கலந்த கஞ்சி கொடுத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட முகம் சுளிக்காமல் சாப்பிட்டன. தாய் உண்டதன் வாசனை சேய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

மிளகாய்க் கதை இன்னும் வேடிக்கை. பால் ரோஸின் என்ற மனோதத்துவ நிபுணர் மெக்ஸிகோ நாட்டில் ஒரு கிராமத்தில் ஆராய்ந்து 1980-ல் எழுதினார். அங்கே பிறக்கும் குழந்தைக்கும் மிளகாய் பிடிப்பதில்லை. பெரியவர்கள் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்துச் சிறு வயதிலேயே பழகிக்கொள்கிறது. அதே வீட்டு மிச்சத்தைத் தின்று வளரும் நாய்க்கும் பன்றிக்கும் மட்டும் கடைசி வரை மிளகாய் மேல் ஆசை பிறப்பதில்லையாம்! காரத்தை விரும்புவது பிறவிக் குணம் இல்லை. வீடு கற்றுக் கொடுக்கும் பாடம்.

எல்லாக் குற்றமும் நாக்கினுடையதா?

அப்படிச் சொல்லிவிட்டால் கப்பல்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள். சமையலறைக்கும் சில கட்டுகள் உண்டு.

கடலில் தீயைப் போலப் பெரிய பகை கிடையாது. ஆகையால் இன்றைய கப்பல் சமையலறைகளில் பெரும்பாலும் திறந்த நெருப்பு இல்லை, மின்சாரமும் நீராவியும்தான். இதன் பலனைப் பாருங்கள். தணலில் காட்டினால் பந்து போல் உப்பும் வட இந்தியரின் புல்கா, மின்சாரத் தட்டில் அதே மாதிரி வராது. எரிகிற ஜுவாலையில் இரும்புச் சட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு வறுக்கும் சீனரின் சமையலிலும் அந்தப் புகை மணம் ஏறாது. இவர்கள் குறை சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்குச் சுகாதாரச் சட்டமும் கடுமை. சூடான பண்டத்தை 57 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமலும், குளிர்ந்ததை 5 டிகிரிக்கு மேற்படாமலும் வைக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் 100-க்கு மார்க்குப் போடுகிறார்கள். 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. ஆயிரக் கணக்கானவர்கள் ஒரே சமையலறையை நம்பியிருக்கும் இடத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆபத்து. ருசி கொஞ்சம் விட்டுக் கொடுக்கிறது, உயிர் பிழைக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பட்டியல்

பிரயாணியின் ஊரைப் பார்த்துச் சமைப்பது புது யோசனையும் அல்ல. 1912 ஏப்ரல் 14-ந் தேதி, 'டைடானிக்' மூழ்குவதற்கு முன் கடைசிப் பகல். அன்றைய மூன்றாம் வகுப்பு உணவுப் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, புகையிட்ட மீன், தோலோடு வெந்த உருளைக் கிழங்கு. கூடவே 'ஸ்வீடன் ரொட்டி' என்று ஒரு வரி! அமெரிக்காவில் குடியேறப் போன ஸ்காண்டிநேவிய ஏழைகள் அந்த வகுப்பில் நிறையப் பேர். அடியில் இன்னொரு வரி: யூதர்களுக்கு அவர்கள் மத விதிப்படியான இறைச்சி கேட்டபடி சமைத்துத் தரப்படும்.

மேல் தளத்தில் முதல் வகுப்பார் சிப்பி முதல் பல வகைகளாக விருந்துண்டார்கள். கீழ்த் தளத்தில் மத்தியான உணவு வாட்டிய மாட்டுக் கறியும் உருளைக் கிழங்கும் பிளம் புட்டிங்கும். வீட்டில் இறைச்சி அபூர்வமாக இருந்த ஒரு குடியானவருக்கு அது என்னவாக இருந்திருக்கும்? திருவிழாச் சாப்பாடு! ஊர் மட்டும் அல்ல, வீட்டு அடுப்பின் நிலைமையும் தீர்ப்பு எழுதுகிறது.

கேட்க வாய் வராமல் பட்டினிக்குப் பக்கத்தில் போனவர்களும் உண்டு. 1888 செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறினார் ஒரு பதினெட்டு வயது இளைஞர். மாமிசம் தொடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எதில் மாமிசம் இல்லை என்று பரிமாறுகிறவரைக் கேட்கக் கூச்சம். சாப்பாட்டு மேஜைப் பக்கமே போகவில்லை. கையோடு கொண்டுபோன இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டுக் காலம் தள்ளினார். பிற்காலத்தில் மகாத்மா என்று உலகம் கொண்டாடிய காந்தியடிகள்தான் அவர். தம் சுய சரிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த இளைஞரிடம் கப்பல் சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? சமையல் நன்றாக இருந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. தனக்கு அந்தப் பந்தியில் ஓர் இலை போட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சென்னைக்கு வந்த கப்பல்

ஒரே கப்பல் ஆளுக்குத் தக்கபடி சமையலை மாற்றிக்கொண்ட கதையும் இருக்கிறது. 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஒரு கப்பல் ஓடத் தொடங்கியது. மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு அமெரிக்கர்களை ஏற்றிச் சென்றது. பல கை மாறாவிட்டாலும் பெயர் மாறி, கடைசியில் விற்கப்பட்டு, 2021 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கார்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' ஆக ஓடியது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டது.

அமெரிக்கருக்கு மாட்டுக் கறி வாட்டிய அதே கப்பலில், வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேராத ஜைனச் சமையல் நடக்கத் தொடங்கியது. இரும்பு அதே இரும்பு. ஏறுகிறவர் நாக்கு வேறு. 1888-ல் கேட்கக் கூச்சப்பட்ட இளைஞரின் இலையை இப்போது கப்பலே முன்வந்து போடுகிறது.

மார்க்குப் போடும் முன்

இவ்வளவும் வெறும் வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிடலாமா? கூடாது. பிரயாணம் முடிந்ததும் கம்பெனிகள் பிரயாணிகளிடம் அபிப்பிராயம் கேட்கின்றன. சாப்பாட்டுக்கு எத்தனை மார்க்கு? பரிமாறியவருக்கு எத்தனை? அந்தப் பரிமாறுகிறவர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம்; இந்தோனேசியராக இருக்கலாம்; நம் கோவாக்காரராகவும் இருக்கலாம். மாதக் கணக்கில் வீட்டைப் பிரிந்து, பிறர் ஊர்ச் சாப்பாட்டைச் சுமந்து சுமந்து வைப்பவர். அவருக்கும் ஓர் ஊர் நாக்கு உண்டு. அதை அவரிடம் யார் கேட்கிறார்கள்?

பாட்டி வைத்த குழம்பு போல் இல்லை என்ற ஏக்கத்தை அவர் தலையில் மார்க்காகப் போட்டால், அவர் வயிற்றில் அடித்ததாக ஆகும். ஆறிப் போன சோறு, அழுகிய பழம், அலட்சியமான பேச்சு என்றால் தாராளமாகக் குறை சொல்லுங்கள். சர்க்கரை இல்லாத தேநீருக்கும், கொடுக்கு இல்லாத இறாலுக்கும் அவரைத் தண்டிப்பது நியாயமா?

பிறர் அபிப்பிராயத்தைக் கேட்டுக் கப்பல் டிக்கெட் வாங்கப் போகிறவர்களுக்கும் இதுவே யோசனை. "சாப்பாடு எப்படி?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "நீங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்து அடுப்பாக இருந்தால் அவர் சொல்லை நம்பலாம். வேறு தினுசு என்றால் அவர் புகழ்ச்சியையும் பாதியாக்குங்கள், இகழ்ச்சியையும் பாதியாக்குங்கள்.

போகிறவர்கள் வேண்டியதை டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. கடலுக்கு நடுவே கடை கிடையாது!

இன்னொரு சமாசாரம். நம் குழம்பில் கொதிக்கும் மிளகாய் நம் மண்ணில் பிறந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் கடல் தாண்டி இங்கே வந்து இறங்கியது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால்தான் அதற்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். தக்காளியும் உருளைக் கிழங்கும் அந்தத் திசையிலிருந்து வந்தவையே. அவற்றை முதன் முதலாக வாயில் வைத்த நம் பாட்டனார் ஒருவரும், "இது என்ன சாப்பாடு!" என்று முகத்தைச் சுளித்திருப்பார். இன்று அவை இல்லாவிட்டால் நமக்குச் சாப்பாடே இல்லை.

கப்பலில் போனால் ஏழு நாளில் ஒரு நாளாவது பக்கத்து ஊர்க்காரர் தட்டைப் பார்த்து, "அதில் எனக்கும் கொஞ்சம்" என்று கேட்டுப் பாருங்கள்!